கக்கம்

மேசையின் மேல் அது அழகாக நின்றது.
மேசையின் மேல் எதுதான் அழகாக நிற்காது?

மொண்டேவிடியோவில், ஒரு மூன்றாம் மாடியில்
இரண்டு வருடம் அதை வரைந்தேன்.
சதுரமான வெந்நீர்க் குடுவை.
பேருந்து இருக்கையில் உருளாது.
கழுவ வசதியாய் அகன்ற வாய்.
தோளில் சின்ன எண்பலகை:
நீர் எண்பது டிகிரியைத் தாண்டினால்
மாத்தே இலை கருகும் என்று சிவந்து சொல்லும்.

எழுபது பேரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.
எழுபது பேரும் நாற்காலியில் உட்கார்ந்து
வாங்குவேன் என்றார்கள்.
தின்ற பிஸ்கட்டுக்குச் சொன்ன நன்றி அது,
எங்கள் காதில்தான் ஆர்டராக விழுந்தது.

நாலாயிரம் செய்தோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு விற்றது,
பாதி உறவுக்காரர்களுக்கு.
விலையைக் குறை என்றான் கூட்டாளி எவரிஸ்தோ.
குறைத்தோம்.
நிறம் போதாது என்றாள் விளம்பரக்காரி.
ஆரஞ்சு அடித்தோம்,
காய்ச்சல்காரனுக்குச் சலவைச் சட்டை.

ஒரு ஞாயிறு மாலை
கடல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும்
அந்த ஆற்றின் கரைக்குப் போனேன்.
குறிப்பேடு எடுத்துப் போகவில்லை.
ஊரே நடந்துகொண்டிருந்தது.
ஒவ்வொரு இடக் கக்கத்திலும்
இடுக்கிய ஒரு குடுவை.
அதே கையின் விரல்களில் சுரைக்குடுக்கை.
மறுகையில் நாய், பிள்ளை, காதலி, தூண்டில்.
வாஷிங்டன் என்றொரு பேருந்து ஓட்டுநர்
(எங்கள் ஊரில் இப்படியும் பெயர் வைப்பார்கள்)
இடுக்கியது இடுக்கியபடி குனிந்து
காலணிக் கயிற்றைக் கட்டினார்.
குடுவை அசையவில்லை.

அவர் முடிச்சை இறுக்கி நிமிர்வதற்குள்
எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கைப்பிடியை அளந்திருந்தேன். மூடியை அளந்திருந்தேன்.
பிள்ளை விரலிலிருந்து கிழவர் விரல்வரை அளந்திருந்தேன்.
விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே
கதகதப்பாய், வட்டமாய் ஓர் இடம் இருந்ததை
எழுபது பேரில் ஒருவரும் சொல்லவில்லை.
கக்கத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?
சதுரத்தின் மூலை அங்கே குத்தும்.

இன்னொன்றும் உண்டு,
எவரிஸ்தோவிடம்கூடச் சொல்லாதது:
அந்த இரண்டு வருடமும்
நான் வேலைக்கு வந்தது
என் பழைய உருளைக் குடுவையோடு.

கிடங்கு வாடகை மூன்று மாதம் பாக்கி.
நவம்பரில் வடக்கே தக்குவாரெம்போவிலிருந்து
தொலைபேசியில் ஒரு குரல்.
இராசேமா சில்வேரா, மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள்.
"உறைந்த குச்சியை முப்பத்தைந்திலிருந்து
முப்பத்தேழு டிகிரி நீரில் இளக்கணும்.
கூடினால் செத்துப்போகும், குறைந்தால் வீண்.
இத்தனை நாள் குத்துமதிப்பு.
உங்கள் சாமான் எண் காட்டுகிறது, கை நுழைகிறது,
வண்டியின் பின்கதவை இறக்கி வைத்தால்
காற்றடித்தாலும் உருளவில்லை.
அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்
முப்பத்தெட்டில் எரியுமா?"

வண்டியின் பின்கதவு.
வெட்டவெளியில், மாடுகளுக்கு நடுவே,
நான் வரைந்தபோது இருந்த அதே மேசை.

முதலில் அறுபது கேட்டாள்.
பிறகு அவர்கள் கூட்டுறவு எண்ணூறு கேட்டது.
எல்லாம் திட்டமிட்டதுதான் என்றான் எவரிஸ்தோ
பணம் போட்டவர்களிடம்.
நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
அங்கே ஒன்றும் இல்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி.

தை மாத வெயில் அங்கே கோடை.
இராசேமாவின் வேலையைப் பார்க்கப் போனேன்.
பதினேழாவது பசுவை முடித்தாள்,
தோள்வரை மாட்டிய உறையை உருவி எறிந்தாள்,
கையைக் கழுவிக்கொண்டு பின்கதவில் ஏறி
என் குடுவையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
முப்பத்தாறு என்றது அது, பெருமையாக.

"குடிக்கிறீர்களா?" என்றாள்.
சுரைக்குடுக்கையை என்னிடம் நீட்டி,
நசுங்கின, உருண்டையான,
மூடி கயிற்றில் தொங்கும் ஒன்றைக்
கக்கத்திலிருந்து எடுத்து
ஊற்றினாள்.